கரையிலிருந்து சதுப்புக்கு

அடையாற்றங்கரை வீடுகள் அகற்றப்படுகின்றன. புறநகர்க் குடியிருப்புகளுக்குச் சாலையும் வடிகாலும் வருகின்றன. இரண்டு பணிகளிலும் மக்களுக்கும் மண்ணுக்கும் காவல் யார்?

ஆதனூரிலிருந்து மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக மேற்குத் தாம்பரத்தின் ஓரமாக இறங்கி வரும் நீர், திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு அகன்ற அடையாறாகிறது. அது அனகாபுத்தூர், கவுல் பஜார், பொழிச்சலூர் ஆகியவற்றைத் தொட்டுக்கொண்டு, சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதைக்காக ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பாலத்தின் அடியில் நுழைந்து நகருக்குள் செல்கிறது. இந்தச் சில கிலோமீட்டருக்குள் ஆற்றின் மீதும் ஆற்றை ஒட்டியும் ஓடுபாதை, மனைப்பிரிவுகள், அடுக்குமாடிகள், தோல் பதனிடும் ஆலைகள், நெசவாளர் தெருக்கள், புறம்போக்கு நிலத்தில் எழுந்த கூலித் தொழிலாளர் வீடுகள் என எல்லாமே இருக்கின்றன. 2025 மே மாதம் மண்வாரி இயந்திரங்கள் வந்து நின்றது, இவற்றுள் கடைசியாகச் சொல்லப்பட்ட வீடுகளின் முன்புதான்.

வாழைநார் முதலிய இயற்கை இழைகளில் சேலை நெய்வதற்குப் பெயர் பெற்ற அனகாபுத்தூரில், தாய் மூகாம்பிகை நகர், காயிதே மில்லத் நகர், எம்.ஜி.ஆர். நகர் உள்ளிட்ட ஆற்றோரப் பகுதிகளில் சுமார் 600 வீடுகள் அடையாறு சீரமைப்புக்காக அப்போது இடிக்கப்பட்டன. குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், நாவலூர், கீரப்பாக்கம் ஆகிய இடங்களில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாக வாழ்ந்ததற்குச் சான்றாக வீட்டுவரி ரசீதையும் மின் கட்டண அட்டையையும் குடும்ப அட்டையையும் மக்கள் நீட்டினர். ஆற்றுப் புறம்போக்கில் எந்த ரசீதும் உரிமை தராது என்றது நிர்வாகம். சட்டத்தின் பார்வையில் நிர்வாகத்தின் பதில் பெரும்பாலும் சரியே. அந்தச் சரியான பதில் எத்தனை கேள்விகளைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

பதிவேட்டில் ஒரு சொல்

வருவாய்த் துறையின் வழக்கில் புறம்போக்கு நிலம் இரண்டு வகைப்படும். ஆறு, ஏரி, கால்வாய், மேய்க்கால் போன்ற பொதுப்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை ஆட்சேபகரமான புறம்போக்கு. அத்தகைய தடை இல்லாதவை ஆட்சேபகரமற்ற புறம்போக்கு. அனகாபுத்தூரில் இடிப்பு தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 2025 பிப்ரவரியில், தமிழக அமைச்சரவை மாநிலம் முழுவதும் ஆட்சேபகரமற்ற புறம்போக்கில் வாழும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க முடிவெடுத்தது. அவர்களுள் 29,187 பேர், பட்டா வழங்குவதற்கு 1962 முதல் தடை இருந்த சென்னைச் சுற்றுவட்டப் பகுதியினர். ஒரே புறநகரில், ஒரே காலத்தில் குடியேறி, ஒரே வகை வேலைக்குப் போய்வந்த இரண்டு குடும்பங்களுள் ஒன்று நில உரிமையாளராகவும் மற்றொன்று ஆக்கிரமிப்பாளராகவும் ஆவதை, நிலப் பதிவேட்டில் உள்ள ஒரு சொல் முடிவு செய்கிறது.

அந்தச் சொல் வெள்ள அபாயத்தை அளந்து எழுதப்பட்டதன்று. நில அளவைக் காலத்து ஆற்றின் எல்லை ஒன்று, இன்றைய வெள்ளம் ஏறும் எல்லை வேறொன்று. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. பதிவானபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கியவற்றுள் பட்டா நிலத்தில் அனுமதி பெற்றுக் கட்டிய வீடுகளும் ஏராளம். விமான நிலையமே பல நாட்கள் மூடப்பட்டது. அபாயம்தான் அளவுகோல் என்றால் அது எல்லா வீடுகளுக்கும் பொருந்த வேண்டும். ஆற்றோரத்தில் புதிதாக எழும் தனியார் அடுக்குமாடிகளுக்கு மட்டும் வேறு அளவுகோலா என்று அனகாபுத்தூர் மக்கள் எழுப்பிய கேள்வியைக் கோபத்தில் பிறந்ததென்று ஒதுக்கிவிட முடியாது.

இதன் பொருள் ஆற்றங்கரையில் யாரையும் தொடக்கூடாது என்பதன்று. ஆற்றின் அகலம் குறைந்த இடங்களில், ஓடும் நீருக்கு நேர் எதிரே நிற்கும் வீடுகளை விட்டுவைப்பது, அவற்றில் உறங்கும் குழந்தைகளுக்கு இழைக்கும் தீங்கு. எந்த வீடு அபாயத்தில் இருக்கிறது, எதைத் தடுப்புச் சுவராலும் தரை உயர்த்தலாலும் காக்கலாம், எதை நகர்த்தியே ஆக வேண்டும் என்று வீடு வீடாகப் பார்த்துச் சொல்லும் ஆய்வு, இடிப்பதற்கு முன்பு நடந்து, பாதிக்கப்படுவோர் கையில் கிடைக்க வேண்டும் என்பதே காப்பு நெறிகளின் முதற்படி.

[பெட்டிச் செய்தி] காப்பு நெறிகள் என்பவை யாவை?

ஒரு வளர்ச்சித் திட்டத்தால் சூழலுக்கும் மக்களுக்கும் நேரக்கூடிய தீங்கை முன்கூட்டியே கண்டறிந்து, முதலில் தவிர்க்கவும், தவிர்க்க இயலாதபோது குறைக்கவும், எஞ்சியதற்கு ஈடு செய்யவும் திட்டத்தை நடத்துவோரைக் கட்டுப்படுத்தும் விதிகளே காப்பு நெறிகள். கட்டாய இடப்பெயர்வு குறித்த தன் முதற்கொள்கையை உலக வங்கி 1980இல் வகுத்தது; 2016இல் ஏற்கப்பட்டு 2018 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள அதன் சூழல், சமூகச் சட்டகத்தில் 10 தரநிலைகள் உள்ளன. அவற்றுள் ஐந்தாவது, நிலத்தின் மீது சட்ட உரிமை இல்லாதவருக்கும் அவர் கட்டிய வீட்டின் மதிப்பையும் மறுவாழ்வு உதவியையும் வழங்கச் சொல்கிறது. வீட்டின் மதிப்பைத் தேய்மானம் கழிக்காமல், அதேபோன்ற வீட்டை இன்று கட்ட ஆகும் செலவாகக் கணக்கிட வேண்டும். இதற்கு மாற்று மதிப்பு என்று பெயர். கணக்கெடுப்புக்கு ஒரு வரம்பு நாளை அறிவித்து, அந்நாளில் அங்கே வாழ்ந்த அனைவரையும், வாடகைக்குக் குடியிருப்போர் உட்பட, பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பணம் யாருடையதோ, நெறியும் அவருடையது

இந்த நெறிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது 1970இல் தொடங்கி 2021இல் பெயர் மாறிய பழைய குடிசை மாற்று வாரியம், உலக வங்கியுடனும் ஆசிய வளர்ச்சி வங்கியுடனும் பணியாற்றி வருகிறது. 2020இல் மாநிலத்தின் வீட்டுவசதித் துறைக்காக உலக வங்கியோடு 25 கோடி டாலருக்கு ஒப்பந்தங்கள் ஆயின. பேரிடர் அபாயமுள்ள இடங்களில் வாழும் நகர்ப்புற ஏழைகளின் வீட்டுவசதிக்கென 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி 15 கோடி டாலர் கடன் வழங்கியது. இத்தகைய கடனில் நடக்கும் பணிகளில் சமூகத் தாக்க மதிப்பீடும், மறுகுடியமர்வுத் திட்டமும், குறைதீர்ப்பு ஏற்பாடும் எழுத்தில் இருந்தாக வேண்டும். அதே வாரியம், அதே மாவட்டத்தில், மாநில நிதியில் நடக்கும் ஆற்றுச் சீரமைப்புக்காக ஒரு குடும்பத்தை நகர்த்தும்போது, அந்தக் கட்டாயம் இல்லாமல் போகிறது. கடன் கொடுத்தவர் கேட்பதால் கிடைக்கும் பாதுகாப்பு, கடன் இல்லாத இடத்தில் கிடைப்பதில்லை என்பது எந்த அரசுக்கும் பெருமை தரும் நிலைமையன்று.

அரசு நிலத்திலிருந்து ஒருவரை அகற்றுவதற்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஏரிகளுக்கென 2007இல் தனிச்சட்டம் வந்தது. இவை அறிவிப்பு கொடுக்கச் சொல்கின்றனவே தவிர, வீடு இழப்பவர் அதன்பின் எங்கே போவார் என்று கேட்பதில்லை. நாடாளுமன்றம் 2013இல் இயற்றிய நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வுச் சட்டம் அந்தக் கேள்வியை விரிவாகவே கேட்கிறது. ஆனால் அரசுக்குச் சொந்தமான புறம்போக்கை அரசு கையகப்படுத்த வேண்டியதில்லை என்பதால் ஆற்றோரத்தவர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர். மாநிலத்தின் 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டமோ, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளுக்கே பாதுகாப்புத் தருகிறது. அப்போது அறிவிக்கப்பட்ட 1,202 பகுதிகளும் அன்றைய சென்னை மாநகரைச் சார்ந்தவை. 1985இல் மேலும் 17 சேர்ந்ததோடு அந்தப் பட்டியல் நின்றுவிட்டது. தாம்பரமும் பல்லவபுரமும் குடியேற்றங்களால் நிரம்பிய காலம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. மும்பை நடைபாதைவாசிகளுக்காக ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கோடு, சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு, பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானவர், தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. வாழும் உரிமைக்குள் பிழைக்கும் வழிக்கான உரிமையும் அடங்கும் என்றும், வாய்ப்புத் தராமல் எவரையும் வெளியேற்றலாகாது என்றும் மும்பை வழக்கின் தீர்ப்பு சொன்னது. நடைபாதையில் தங்கும் உரிமையை அது ஏற்கவில்லை என்பதும் உண்மை. நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒவ்வொரு இடிப்பின்போதும் மக்கள் புதிதாக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருப்பது, அந்தத் தீர்ப்பை மாநில விதியாக யாரும் எழுதி வைக்காததால்தான். 2021 அக்டோபரில் வாரியம் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கையின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது அந்தத் திசையில் ஒரு நல்ல தொடக்கம்; ஆனால் வரைவைக் காட்டி எந்தக் குடும்பமும் இயந்திரத்தை நிறுத்த முடியாது.

வெள்ளத்திலிருந்து வெள்ளத்துக்கு

சூழலுக்கான காப்பு நெறியும் மக்களுக்கான காப்பு நெறியும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கினால் என்ன நேரும் என்பதற்குச் சோழிங்கநல்லூர் வட்டாரத்தைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரில் 15,656 வீடுகளும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியில் 6,764 வீடுகளும், ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின் கீழ்ப் பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டப்பட்டன. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் கடலைச் சேரும் முன் தங்கி நிற்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதன் வடிநிலமும்தான் இம்மூன்றும் அமைந்த வட்டாரம். எஞ்சிய சதுப்பில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது.

2015 வெள்ளத்துக்குப் பின் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய அடையாற்றங்கரைப் பகுதிகளிலிருந்து வெள்ள அபாயத்தின் பெயரால் அகற்றப்பட்ட குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டது பெரும்பாக்கத்துக்கே; அந்த மழையில் பெரும்பாக்கமும் நீரில்தான் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தப்பவில்லை. மேல்மாடியில் வாழ்பவர் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்பது உண்மையே. ஆனால் மின்சாரம் போய் மின்தூக்கி நின்று, கீழே இடுப்பளவு நீர் சூழ்ந்தால், முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் அந்த மாடி தீவாகிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குச் சூழல் அனுமதி பெற வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை சொல்வதால் இத்தகைய அடுக்குமாடித் தொகுதிகள் சூழல் அனுமதிக்கு உட்பட்டவையே. கட்டடம் சூழலுக்கு என்ன செய்யும் என்பதே அந்த நடைமுறையின் முதன்மைக் கேள்வி. அந்தச் சூழல் குடியிருப்போரை என்ன செய்யும் என்பது பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது.

தண்ணீரைவிட மெதுவாக ஏறும் துன்பங்களும் உண்டு. அனகாபுத்தூர், பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை என்ற பகுதியில் தோல் ஆலை, கட்டுமானம், வீட்டு வேலை, சிறுகடை என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தவருக்குப் பெரும்பாக்கமோ கீரப்பாக்கமோ சாலை வழியே ஏறக்குறைய 20 கி.மீ.யும் அதற்கு மேலும் ஆகிறது. மூன்று வீடுகளில் வேலை பார்த்து மதியம் குழந்தைக்குச் சோறு போட வந்து செல்லும் பெண்ணுக்கு, இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய தொலைவு என்பது வேலை போய்விட்டது என்பதற்கு மறுபெயர். இடமாற்றத்துக்கு 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வாழ்வாதாரப் படியும் வழங்குவது வாரியத்தின் நடைமுறை. ஒரு வீட்டு வேலையில் இழக்கும் மாத ஊதியத்தையே அது முழுமையாக ஈடு செய்யுமா என்பது ஐயம். 2025 மே மூன்றாம் வாரத்தில் இடிப்பு தொடங்கியது, பள்ளிகள் ஜூன் 2 அன்று திறந்தன. மாற்றுச் சான்றிதழ் வாங்கி, புதிய இடத்தில் பள்ளி தேடிச் சேர்க்க ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவே.

இடப்பெயர்வை ஆராய்ந்த சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, அதனால் ஏழைகளுக்கு நேரும் எட்டு வறுமை அபாயங்களை வகைப்படுத்தியபோது, வீடிழத்தல் அவற்றுள் ஒன்றாக மட்டுமே இருந்தது. வேலையிழத்தல், நோய், உணவுப் பற்றாக்குறை, பொதுவளங்களை இழத்தல், சமூக உறவுகள் சிதறுதல் ஆகியவை அதற்கு இணையாக நின்றன. தமிழ்நாட்டின் மறுகுடியமர்வு எட்டில் ஒன்றுக்கு மட்டும் விடை எழுதிவிட்டுத் தேர்வறையை விட்டு எழுந்துவிடுகிறது. கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை மறுக்கப்படுகிறது என்ற புகார் இருபதாண்டுகளாக ஒலிப்பதும், ஒரே வகை வறுமையை ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் குவித்ததன் விளைவே. பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் துப்புரவு, காவல் வேலைகள் அங்கே பலருக்குக் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அது திட்டமிட்டுக் கிடைத்ததன்று.

இருந்த இடத்திலேயே, ஆனால் எப்படி?

குடியிருப்புகளை அகற்றாமல் மேம்படுத்தும் வழி சென்னைக்கு நன்கு தெரிந்ததே. 1977இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், அடுக்குமாடி கட்டுவதை விட்டு, இருக்கும் பகுதிக்கே தெருவும் விளக்கும் குடிநீரும் கழிப்பறையும் தந்து, மனையைத் தவணையில் அவர்களுக்கே விற்கும் முறையைக் கொண்டுவந்தது. வில்லிவாக்கம், முகப்பேர் போன்ற இடங்களில் வசதி செய்யப்பட்ட மனைகளும் அதன் பகுதியே. அன்று தோல்வி என்று கைகழுவப்பட்ட இந்த மனைத் திட்டங்களை இருபதாண்டுகள் கழித்துச் சென்னையிலும் மும்பையிலும் சென்று பார்த்த ஆய்வாளர்கள், அவை பலவகை வருவாயினரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருப்பதை 2018இல் வெளியிட்டனர். நீர்நிலை ஓரத்துக் குடியிருப்புகள் அந்தச் சலுகைக்கு வெளியே இருந்தன என்பதே அத்திட்டத்தின் பெருங்குறை.

இடம் மாறாத மேம்பாட்டுக்குக் காப்பு நெறி தேவையில்லை என்று எண்ணுவது தவறு. பணி சிறிது என்பதாலேயே அதன் தீங்கு யார் கண்ணிலும் படாமல் போகிறது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நடந்து பார்ப்போருக்கு இதன் எளிய சான்று சாலையே. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடப்போட, தெரு உயர்ந்து வீடு பள்ளமாகி, மழை முதலில் வாசற்படிக்குள் இறங்குகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்பே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. மாடி எழுப்ப வழியில்லாத ஒற்றை அறை வீட்டுக்கு, ஆறு அங்குலம் உயர்ந்த தெரு ஒரு நிரந்தர வெள்ளம்.

கழிப்பறையும் அப்படியே. நான்கடிச் சந்துக்குள் கழிவுநீர் உறிஞ்சும் லாரி நுழைய முடியாத இடத்தில் செப்டிக் தொட்டி கட்டிக் கொடுத்தால், அது நிரம்பும் நாளில், மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த வேலைக்கு ஒரு மனிதரை இறக்கும் நிலை வருகிறது. மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீர் சேர்ந்தால் அது அடுத்த ஏரிக்குப் போகிறது. பல்லவபுரம், குரோம்பேட்டை, நாகல்கேணி வட்டாரத்தின் நிலத்தடி நீரில் தோல் ஆலைகளின் குரோமியம் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் சொன்னபோது அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் அடங்கியிருந்தது. அங்கே ஒரு குடியிருப்புக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருவதற்கு முன் நீரைச் சோதிப்பது சமூகக் காப்பா, சூழல் காப்பா என்று பிரித்துப் பார்க்க இடமில்லை. 2024 டிசம்பரில் பல்லவபுரம் பகுதியில் பலர் வாந்தி பேதியால் பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததாக மக்கள் சொன்னார்கள், அரசுத் தரப்பு மறுத்தது. இரு தரப்பும் ஏற்கும் வகையில், முன்பே பொதுவில் வைக்கப்பட்ட நீர்ச் சோதனைப் பதிவு இருந்திருந்தால் அந்த வாதம் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

[பெட்டிச் செய்தி] வேறிடங்களில்

பாங்காக்கின் லாட் பிராவ் கால்வாயை அகலப்படுத்தியபோது, தாய்லாந்தின் 'பான் மன்கோங்' திட்டத்தின் கீழ், கரையோரக் குடும்பங்கள் பலவும் கூட்டுறவாகச் சேர்ந்து, நீருக்கு இடம் விட்டுப் பின்தள்ளி, அதே நிலத்தில் சிறிய மனைகளில் மீண்டும் கட்டிக்கொண்டன. ஒடிசா 2017இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை வழங்கும் சட்டம் இயற்றியது. அதைச் செயல்படுத்தும் ஜகா இயக்கம் உலக வாழ்விட விருது பெற்றது.

புதிய மாநகராட்சியின் மேசையில்

பல்லவபுரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் என்ற ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் பிறந்த தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வட்டங்கள் உள்ளன. அடையாற்றின் மேற்பகுதி பெரிதும் இதன் ஓரமாகவே ஓடுகிறது. ஆற்றின் சீரமைப்புக்கு 2017இல் 555 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024–25 வரவு செலவுத் திட்டத்தில் தனியார் பங்களிப்போடு 1,500 கோடி ரூபாய் மதிப்பில் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. தனியார் முதலீடு வரும் இடத்தில் கரை நிலத்தின் விலையும் ஏறும் என்பதால், அடுத்தடுத்த பகுதிகளில் அகற்றப்படுவோரின் கணக்கு முன்னதாகவே வெளிப்படையாக இருப்பது முன்பைவிட அவசியமாகிறது.

இதில் மாநகராட்சி செய்யக்கூடியது சிறிதன்று. பத்து உள்ளாட்சிகளிலிருந்து வந்த நில ஆவணங்களை ஒன்றாக்கினால், ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் நடந்து செல்லும் தொலைவுக்குள் வாரியம் கட்டக்கூடிய காலி நிலம் எங்கே என்பது தெரியவரும். அப்போது பெரும்பாக்கம்தான் ஒரே வழி என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். அகற்றும் பணி வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் உரியது, வீடு வாரியத்துக்கு உரியது, பள்ளி கல்வித் துறைக்கு, பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு என்று பிரிந்து கிடப்பதால், ஒரு குடும்பம் போன இடத்தில் என்ன ஆனது என்று ஓராண்டு கழித்துக் கேட்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை. பன்னாட்டு நெறிகளில் இதற்கு நிறைவுத் தணிக்கை என்று பெயர்: குடும்பத்தின் வருவாய் பழைய நிலைக்குத் திரும்பியதா, குழந்தை பள்ளியில் இருக்கிறதா, ஒதுக்கீட்டு ஆணை கிரயப் பத்திரமாக மாறியதா என்று பார்த்து, குறை இருந்தால் திட்டம் முடிந்ததாகக் கணக்கை மூட விடாது. அனகாபுத்தூரிலிருந்து மூன்று இடங்களுக்குப் பிரிந்துபோன குடும்பங்களின் பெயர்ப் பட்டியலும் பயோமெட்ரிக் பதிவும் வாரியத்திடம் உள்ளன. அந்தத் தணிக்கையை அவர்களிடமிருந்தே தொடங்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.